பாறு இறங்காத வீடு

பாத்து வாங்க அம்மிணி, பாத்து! அந்தப் பக்கம் குழி இருக்குதுங்க. வேலியோரமா வாங்க. ஆமா, அப்படித்தான். தென்னங்கன்னு வெக்கறதுக்கு வெட்டிப் போட்டிருக்கறேன். புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது. நீங்க பாட்டுக்கு உழுந்து வெச்சா, அதுக்கும் துளசாமணிதான் காரணம்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க. இப்பவே என்ற தலையில ஏகப்பட்டது கெடக்குது.

உக்காருங்க, அந்தக் கட்டில்ல உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா? வெத்தலை கித்தலை கேட்டீங்கன்னா இல்லீங்க. முன்னெல்லாம் வாய் ஓயாமப் போடுவேன். இப்ப நிறுத்திட்டேன். பல்லு ஆடுதுங்க, அதுதான். வேற ஒண்ணுமில்லை.

நீங்க எதுக்கு வந்திருக்கறீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. பாறுக்கழுகைக் காப்பாத்தற ஆளுகதானே? மொதல்ல டாக்டர் வந்தாரு. அப்பறம் ஒரு கண்ணாடிக்காரத் தம்பி வந்தாரு. ஆம்பளைக வந்து ஆகலைன்னு இப்பப் பொம்பளைப் புள்ளையைத் தாட்டி உட்டிருக்கறாங்க. ஊசி மருந்துப் பெட்டியைக் குடுத்துருங்கன்னு கேக்கத்தானே வந்தீங்க? குடுக்க மாட்டேனுங்க. மொதல்லயே சொல்லிப்போட்டேன். இனி மோரைக் குடிச்சுட்டு நிதானமாக் கேளுங்க. ஊர்ல ஒவ்வொருத்தர் வாயிலயும் என்ற கதையைக் கேட்டிருப்பீங்க. என்ற வாயில கேக்கலையில்ல?

அய்யோ, பயப்படாதீங்க, மாடுதாங்க அது. கட்டுத்தறியில மயிலை படுத்திருக்கறா. அவதான் மொனகறா. செத்தெ பொறு சாமி, வர்றேன்.

ஊசி போட எனக்கு யாரு கத்துக் குடுத்தாங்கன்னு ஊர்ல சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. என்ற ஊட்டுக்காரருக்கு வயித்துல கட்டி. கோயமுத்தூர்ல பாத்துட்டு, இனி ஊட்லயே வெச்சுப் பாத்துக்குங்கன்னு அனுப்பிட்டாங்க. அனுப்பிட்டா? வலி நின்னுருமா? மனுசன் சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டு பல்லைக் கடிப்பாரு. அந்தச் சத்தம் இன்னும் என்ற காதுல இருக்குதுங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்து நர்சம்மா வந்து ஊசி போட்டுட்டுப் போவாங்க. மாயாத்துல தண்ணி பெருகுனா பரிசல் ஓடாது. பரிசல் ஓடலைன்னா நர்சம்மா வர மாட்டாங்க. அப்பத்தான் அந்தப் புண்ணியவதி எனக்குக் கத்துக் குடுத்தாங்க. கத்திரிக்காயில குத்திப் பழகுன கைங்க இது.

ஊசி போட்டு செத்தெ நேரத்துல மொகம் தெளியும் பாருங்க! "துளசி, வலி இப்பத்தான் எந்திரிச்சு வெளிய போச்சு"ன்னுவாரு. ஊட்டுக்கு வந்த ஒறம்பரையைச் சொல்ற மாதிரி. அவரு போனதும் பெட்டியில மருந்து மீந்திருச்சு. அந்த வருசமே கருப்பணன் எருது காலொடிஞ்சு கெடந்து கதறுது. மாட்டாஸ்பத்திரியும் ஆத்துக்கு அந்தப் பக்கம்தான். நான் நெனைச்சேன், மனுசனோட வலியை நிறுத்துன மருந்து மாட்டோட வலியை நிறுத்தாதா? மனுசன் சின்ன ஒடம்பு, எருது பெரிய ஒடம்பு, கூடப் போட்டாத் தீருது. போட்டேன். எருது கதறலை நிறுத்தி வைக்கோலைக் கடிச்சுதுங்க. கருப்பணன் என்ற காலைத் தொட வந்தான்.

அன்னையில இருந்து இந்த ஊர்ல எந்த ஆடுமாடு மொனகுனாலும் "துளசாக்கா, ஓடியா"தான். இன்னைக்கு என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பறாங்களே, அத்தனை பேரு கட்டுத்தறியிலயும் நான் மண்டி போட்டு உக்காந்திருக்கறேன். மழையில போயிருக்கறேன், காய்ச்சலோட போயிருக்கறேன். சந்தைக்குப் போறப்பெல்லாம் மருந்துக்கடையில வாங்கி வாங்கிப் பெட்டியை நெரப்பி வெச்சேன். சாகற மாட்டைப் பொழைக்க வெக்க எனக்குத் தெரியாதுங்க. ஆனா கதறிட்டுச் சாக உட மாட்டேன். அது தப்பா? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க, மோரைக் குடிங்க.

மாட்டுமேடு பாத்தீங்களா? வர்ற வழியில, ஆத்துக்கு மேல பாறையா இருக்குமே, அதுதான். எங்க ஊர்ல மாட்டைப் புதைக்கற வழக்கமில்லீங்க. விக்கறதுமில்லை. செத்துப் போச்சுன்னா மணியைக் கழட்டிட்டு, நெத்தியில மஞ்சளைப் பூசி, மேட்டுல கொண்டு போயிப் போட்டுட்டு வந்துருவோம். பாறு வந்து எறங்குற வரைக்கும் அந்த ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கக் கூடாது. பாறு எறங்குனதைப் பாத்துட்டு ஒருத்தரு வந்து வாசல்ல நின்னு, "போயிச் சேந்துருச்சு, அடுப்பை மூட்டுங்க"ன்னு சொல்லோணும். அப்பறம்தான் சோறு. உங்க புஸ்தகத்துல இதெல்லாம் இருக்குதா?

மொதல்ல ஒண்ணே ஒண்ணு வட்டம் போடும். அம்புட்டு உசரத்துல இருந்து அதுக்கு எப்படித்தான் தெரியுமோ! அப்பறம் ஒண்ணொண்ணா எங்கிருந்தோ வரும். றெக்கையை விரிச்சு எறங்குச்சுன்னா முறத்துல நெல்லைக் கொட்டற மாதிரி சத்தம். பொணந்தின்னின்னு சொல்லுவாங்க. நான் அப்படிச் சொன்னதே இல்லீங்க. எங்கப்பத்தா, எங்கம்மா, நானு, எல்லாரும் வளத்த மாட்டையும் மேல கொண்டு போனது அதுகதான். நீங்க குழாயை வெச்சுத் தூரத்துல இருந்து அதுகளைப் பாக்கறவங்க. நாங்க சோறு போட்டவங்க.

இப்பக் காரி கதைக்கு வர்றேன். காரின்னா இந்த மயிலையோட அம்மா. அவரு சீக்குல படுக்கறதுக்கு முந்தி ஓட்டிட்டு வந்த மாடு. கருகருன்னு இருப்பா. அவரு போனதுக்கப்பறம் இந்த ஊட்டுல என்ற கூடப் பேசுனது அவ ஒருத்திதாங்க. போன ஐப்பசி மழையில ஆத்துச் சரிவுல வழுக்கி உழுந்துட்டா. இடுப்பு போயிருச்சு. எட்டுப் பேரு சேந்து தூக்கிட்டு வந்து இங்கதான் படுக்க வெச்சோம். திருப்பிப் போடறதும், புண்ணைத் துடைக்கறதும், கஞ்சி ஊத்தறதும்தான் எனக்கு வேலை. பொழைக்க மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா அவ பல்லைக் கடிச்சா பாருங்க! அவரு கடிச்ச மாதிரியே கடிச்சா. என்னால தாங்க முடியலீங்க. காலையில ஊசி, பொழுதோட ஊசி. கடைசி அன்னைக்கும் போட்டேன். என்ற மடியில தலையை வெச்சு, கதறாம, மூச்சை உட்டா. அந்தச் சாவு எனக்கு வாய்க்குமான்னு தெரியாது.

மஞ்சள் பூசி, கருப்பணன் டிராக்டர்ல மேட்டுக்குக் கொண்டு போனோம். சொன்னா நம்ப மாட்டீங்க, நான் பொறந்ததுல இருந்து அத்தனை பாறு ஒண்ணா எறங்கிப் பாத்ததில்லை. வானமே எறங்கி வந்த மாதிரி. பாவாயிதான், பக்கத்து ஊட்டுக்காரி, அவதான் ஓடியாந்து வாசல்ல நின்னா. "துளசா, உன்ற காரி ராணி மாதிரிப் போறாடி, அடுப்பை மூட்டு"ன்னா. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுட்டு அழுதோம். அடுப்பை மூட்டி பாயசம் வெச்சேனுங்க. பாயசம்! ஊரே குடிச்சுது. இன்னைக்கு அந்தப் பாயசத்தை யாரும் ஞாபகம் வெச்சிருக்கலை.

ரெண்டு மூணு நாள் போயிருக்கும். ஆடு மேய்க்கறவங்க வந்து சொன்னாங்க, ஆத்தோரத்து மருத மரத்துல பாறெல்லாம் கழுத்தைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்குது, வெரட்டுனாலும் பறக்கலைன்னு. அப்பறம் ஒண்ணொண்ணா உழுந்துச்சு. தொப்பு தொப்புன்னு, பழுத்த பலாப்பழம் மாதிரி. நான் போயிப் பாத்தேனுங்க. ஆமா, போனேன். எதுக்குப் போகக் கூடாது? தப்புப் பண்ணுனவதான் பயப்படோணும்.

காட்டு இலாகாவுல இருந்து டாக்டர் வந்திருந்தாரு, சகாயம்னு பேரு, தாடி வெச்சிருப்பாரு. எல்லாரும் பாக்க ஒண்ணை அறுத்தாரு. நெஞ்சைப் பொளந்து, "பாருங்கம்மா"ன்னு என்னைத்தான் கூப்புட்டாரு, அத்தனை பேரு நிக்கறப்ப என்னை. ஈரலைச் சுத்தி, நெஞ்சுக்கொலையைச் சுத்தி, வெள்ளை வெளேர்னு அப்பியிருக்குது. வெத்தலையில தடவற சுண்ணாம்பு மாதிரியே. ஊட்டுக்கு வந்து வாயைக் கொப்புளிச்சேன். என்னமோ கொப்புளிக்கோணும்னு இருந்துச்சு.

அப்பறம் கோயில் முன்னால கூட்டம் போட்டாங்க. டாக்டர் நெம்பப் பதமாப் பேசுனாரு. "அம்மா, நான் உங்க மேல குத்தம் சொல்லலீங்க. அந்த வலி மருந்து மாட்டுக் கறியிலயே தங்கிரும். அதைத் தின்னா பாறுக்குக் கிட்னி நின்னு போகும். கொஞ்சம் இருந்தாலே போதும். முன்னயும் ஒண்ணு ரெண்டு காட்டுக்குள்ள செத்திருக்கும், யாரு கண்ணுலயும் பட்டிருக்காது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நாயமில்லை"ன்னாரு. குத்தம் சொல்லலை, சொல்லலைன்னு சொல்லியே குத்தம் சொல்றது ஒரு கெட்டிக்காரத்தனமுங்க.

நான் உட்டேனா? எந்திரிச்சு நின்னேன். "ஏனுங்க டாக்டரு, துளசாமணி ஊசியாலதான் செத்தேன்னு பாறு வந்து உங்க காதுல சொல்லுச்சா?"ன்னேன். ரெண்டு பேரு சிரிச்சாங்க. "மலைமேல கோபுரம் நட்டீங்களே, செல்போனுக்கு, அதுல சாகாதா? சிறுத்தைக்கு எவனாச்சும் விசம் வெச்சிருந்தா? வெயிலு என்ன போடு போடுது, அதுல சாகாதா?"ன்னேன். அவரு எல்லாத்துக்கும் பதில் வெச்சிருந்தாரு. பரிசோதனை பண்ணியாச்சு, விசமில்லை, கறியில மருந்து இருக்குதுன்னு. பதில் வெச்சிருக்கறவங்களோட பேசறது செவுத்தோட பேசற மாதிரிங்க. "இனிமே மனுசனுக்குப் போடற ஊசியை மாட்டுக்குப் போடாதீங்க, மீறிப் போட்டா அந்த மாட்டைப் புதைச்சுருங்க"ன்னாரு. புதைக்கறதா! நான் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு, "என்ற பரம்பரையில ஒரு மாடும் மண்ணுக்குள்ள போனதில்லை, என்ற காலத்துலயும் போகாது"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எல்லாருக்கும் கேக்கறாப்பலதான் சொன்னேன்.

கேட்டீங்களா, மறுக்காவும் மொனகறா. கன்னு போடறப்ப இவளுக்கும் இடுப்பு போயிருச்சுங்க. கன்னும் தக்கலை. அவங்கம்மா மாதிரியே படுத்துட்டா. டாக்டர் வந்து பாத்தாரு. எந்திரிக்க மாட்டாள்னு சொல்லிட்டாரு. ஒரு புது மருந்து குடுத்தாரு, இது பாறுகளை ஒண்ணும் பண்ணாதும்மான்னு. அதைப் போட்டேனுங்க. போடலைன்னு நெனைச்சுக்காதீங்க. மொதல்ல நல்லாத்தான் கேட்டுச்சு. இப்ப ரெண்டு மூணு நாளாக் கேக்கறதில்லை. நேத்துல இருந்து பல்லைக் கடிக்கறா.

எங்க உட்டேன்? ஆங், பாவாயி. தை மாசம் பாவாயியோட எருமை செத்துப் போச்சு. கெழட்டு எருமை, தானா செத்துச்சு, என்ற ஊசி அது பக்கமே போகலை. மேட்டுல கொண்டு போயிப் போட்டாங்க. அடுப்பை அணைச்சுட்டு வாசல்ல உக்காந்தா. பாறு வரலை. மறுநாளும் வரலை. காக்காயும் நாயும்தான் போச்சு. நாத்தம் ஊருக்குள்ள வந்துருச்சு. அவ ஊட்டு அடுப்பு சில்லுன்னு கெடக்குது. யாரு வந்து சொல்லுவாங்க, போயிச் சேந்துருச்சுன்னு? போயிச் சேரலையே!

நான் சோறாக்கி, புளிக்கொழம்பு வெச்சு, தூக்குப் போசியில எடுத்துட்டுப் போனேன். அவ பட்டினி கெடக்க என்னால பாத்துட்டு இருக்க முடியுமா? கதவைத் தொறந்தா. போசியைப் பாத்தா. என்னைப் பாத்தா. "என்ற அடுப்பு அணைஞ்சு கெடக்கறது யாராலடி? இந்த ஊர்ல இனிமே எந்த மாடும் மேல போகாதுடி. வானத்தையே காலி பண்ணிப்போட்டயே"ன்னா. போசியை வாங்கி அப்படியே நாய்க்குக் கவுத்து உட்டுட்டா. எத்தனை வருசப் பழக்கம்! காரி செத்தன்னைக்குக் கட்டிப் புடிச்சு அழுதவ. நான் ஒரு சொட்டுக் கண்ணீர் உடலை. போசியை எடுத்துக் கழுவிக் கவுத்து வெச்சேன். அவ கடைசியில யாரும் வந்து சொல்லாமயே அழுதுட்டே அடுப்பை மூட்டுனான்னு சொன்னாங்க. பொகை வந்ததை நான் இங்கிருந்தே பாத்தேன்.

அதுக்கப்பறம் அவ என்ற கூடப் பேசறதில்லை. நானும் பேசறதில்லை. நான் எதுக்குப் பேசோணும்? நான் ஒண்ணும் கொல்லலை.

நீங்க வர்றப்ப பாத்தீங்களா, அந்த மருத மரத்துல பாறு ஒண்ணு உக்காந்திருக்குது? மாசிக் கடைசியில வந்துச்சுங்க. மொதல்ல ஒண்ணு, அப்பறம் ரெண்டாச்சு. ஒண்ணுக்கு எடது றெக்கையில ஒரு எறகு இல்லை. பொழுது கெளம்பி வெயில் சூடாகற வரைக்கும் அசையாது. அப்பறம் றெக்கையை விரிச்சுக் காய வெக்கும், நம்ம துணி காயப் போடற மாதிரி. பொட்டை குச்சி பொறுக்கிட்டுப் போகுது, கூடு கட்டறாப்பல இருக்குது. அய்யோ, நான் ஒண்ணும் அதுகளைப் பாக்கப் போறதில்லீங்க. வெறகுக்குப் போவேன். அந்தப் பக்கம்தான் வெறகு நல்லாக் கெடைக்குது. தெனமும் வெறகு வேணுமில்ல?

ஊருக்குள்ள எல்லாரும் பாத்துட்டாங்க. பாவாயியும் பாத்திருப்பா. இனி எல்லாரு கண்ணும் என்ற கட்டுத்தறி மேலதான். மயிலை எப்பச் சாவா, துளசாமணி என்ன பண்ணுவாள்னு. ஊசி போட்டு மேட்டுல போடுவாளா, இல்லை ஊசி போடாமக் கதற உட்டு மேட்டுல போடுவாளான்னு. அந்தக் கண்ணாடிக்காரத் தம்பி வந்து இதையேதான் கேட்டாரு. "புது மருந்தை மட்டும் போடுங்கம்மா, பொறுத்துக்குங்க"ன்னாரு. பொறுத்துக்கறது யாரு, நீங்களா, மயிலையா?

புது மருந்து ஒண்ணும் பண்ணாதாம். இருக்கும். பழைய மருந்து அட்டையிலயும் பாறு சாகும்னு யாரும் எழுதலையே அம்மிணி! நான் அட்டையைப் பாத்து நம்புனவதானே? புது மருந்தோட இனிப் பழைய மருந்தும் ஏறப்போற ஒடம்பை மேட்டுல கொண்டு போயிப் போட்டு, அந்த எறகில்லாதது வந்து எறங்கி, அது மறுக்கா கழுத்தைத் தொங்கப் போட்டுச்சுன்னா? இனி எந்தப் பாட்டலையும் நான் நம்பறதா இல்லை.

என்ன பாக்கறீங்க? குழியவா? தென்னங்கன்னுக்கு இம்மாம் பெரிய குழியான்னு பாக்கறீங்க. கேட்டுப்போடுங்க, மனசுக்குள்ள வெச்சுக்காதீங்க. ஆளு கூப்புட்டா ஊரெல்லாம் தெரிஞ்சு போகும்னு நானேதான் வெட்டுனேன். ஒரு மாடு தாராளமாப் படுக்கலாம். நாய் தோண்டாத ஆழம். சுண்ணாம்பு போடோணும்னு டாக்டர் அன்னைக்குக் கூட்டத்துல சொன்னாரு. சுண்ணாம்பு வேண்டாமுங்க. அதை நான் கையில தொடறதில்லை. உப்பு வாங்கி வெச்சிருக்கறேன், மூட்டையா.

ஆமா, சொன்னேன். என்ற காலத்துல ஒரு மாடும் மண்ணுக்குள்ள போகாதுன்னு கோயில் முன்னால நின்னு சொன்னேன். இப்ப நானே புதைக்கப் போறேன். யாரு கேக்கறது? சொன்னதும் நானு, மாத்தறதும் நானு. மயிலை மேல போகாம இங்கயே சுத்துவாள்னு சொல்லுவாங்க. சுத்தட்டும். நான் தனியாத்தானே இருக்கறேன், என்னைச் சுத்தட்டும். பாறு எறங்காத ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கக் கூடாதும்பாங்க. நான் பத்த வெப்பேன். மண்ணைத் தள்ளி மூடிட்டுக் கையைக் கழுவிட்டு வந்து, அன்னைக்கே, பொகை ஊருக்கெல்லாம் தெரியறாப்பல பத்த வெப்பேன். பாவாயி பாக்கட்டும். அந்தப் பாறு ரெண்டும் மரத்து மேல பசியோட உக்காந்து பாத்தாலும் பாக்கட்டும்.

பெட்டியைக் கேட்டீங்கல்ல? மயிலை கூடவே போட்டு மூடிருவேன். உங்க கையிலயும் குடுக்க மாட்டேன், டாக்டர் கையிலயும் குடுக்க மாட்டேன். துளசாமணி ஒத்துக்கிட்டான்னு நாளைக்குச் சொல்லுவீங்க. நான் எதையும் ஒத்துக்கலை. நான் யாரையும் கொல்லலை, வலியைத்தான் நிறுத்துனேன். போயி அதைச் சொல்லுங்க. மறக்காமச் சொல்லுங்க.

வந்துட்டேன் சாமி, வந்துட்டேன். அம்மிணி, டம்ளரைக் கீழ வெச்சுட்டு இப்படி வாங்க, எனக்கு ஒரு கை வேணும். அவ தலையைக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க. கொம்பு பக்கம் இல்லீங்க, தாடையைப் புடிங்க. அப்படித்தான். பழைய ஊசிதாங்க, ஏறி முடியற வரைக்கும் உட்டுறாதீங்க.